முப்பத்து மூன்றாவது ஊசி

பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
ஷாக் அசையவில்லை.
சக்கரம் மட்டும் விரலளவு மேலே வந்து
'டொக்' என்று உட்கார்ந்தது.

"போன வாரம்தான் இந்தச் சத்தம்" என்றான் ருஃபினோ.
எல்லோருக்கும் போன வாரம்தான்.

உயுனி உப்புவெளியில்
உப்புநீர்க் கிணறுகளை அளக்கிற வேலை அவனுக்கு.
சனவரி மழையில் வெளி முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.
வானத்தின் மேல் ஓட்டுகிறோம் என்று
படமெடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள்.
பேரிங்குக்கு வானம் தெரியாது.
உப்பைத் தின்றது, தண்ணீர் குடித்தது,
பழமொழி சொன்னபடி நடந்துகொண்டது.

"தினமும் கழுவுகிறேனே!"
குரலில் அடிபட்ட நியாயம்.
பிரஷர் குழாயை லிங்க்குக்கு நேராகப் பிடித்து,
ஒருநாள் தவறாமல்.
அதுதான், என்றேன்.
சீலின் உதட்டைப் பிளந்து
உப்பை உள்ளே அனுப்பிவைத்தது
உன் சுத்தம்.

போல்ட் வரவில்லை.
எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தட்டி,
மறுபடி சூடு காட்டி,
பூசைக்குப் போகிற வாயால் சொல்லக் கூடாததைச் சொல்லி,
நாலு மணிக்கு வந்தது.
உள்ளே செம்பொடி.
உருள வேண்டிய ஊசிகள்
நின்ற இடத்திலேயே நின்று
புஷ்ஷில் வரிவரியாகக் குழி பறித்திருந்தன.

புதிய பேரிங்
லாமா இறைச்சிக்குப் பக்கத்தில், குளிர்பெட்டியில் ஓர் இரவு.
லிங்க் காலையில் ரொட்டி அடுப்பில்.
அது சுருங்க, இது விரிய,
மிச்சத்தை ஒரு திருகுக் கம்பியும் இரண்டு வாஷரும் பார்த்துக்கொண்டன.
சுத்தியலைத் தொடவில்லை.

கிரீஸில் ஊசிகளை ஒவ்வொன்றாய் ஒட்டி நிறுத்தினேன்,
முப்பத்திரண்டு.
கடைசியில் புஷ் அரை மயிரிழை கோணலாகப் போக
கொட்டியது பாதி.

உடைந்த வானொலியின் காந்தத்தைத்
தரையெல்லாம் இழுத்து,
துடைத்து, எண்ணினால்
முப்பத்து மூன்று.
மறுபடி எண்ணினேன்.
ருஃபினோவை எண்ணச் சொன்னேன்.
முப்பத்து மூன்று.

"கூடத்தானே இருக்கிறது, குறையவில்லையே"
என்று சிரித்தான்.

அதே நீளம், அதே பருமன்.
துரு இல்லை. முனையில் மட்டும்
காய்ந்த பழைய கிரீஸ்.
இந்த ஊரில் இதே லிங்க் உள்ள வண்டி
இன்னும் ஒன்றுதான்:
வெளிக்கு அந்தப் பக்கம், யீகாவில்,
பள்ளிக்கூடத்து ஹெனோவேவாவுடையது.
நவம்பரில் நான்தான் பிரித்துக் கட்டினேன்.
அன்று மின்சாரம் போயிருந்தது.
எண்ணினேன் என்றுதான் நினைவு.

ஒன்று குறைந்தால் மற்றவை சாயும்.
உடனே இல்லை. ஓட ஓட.
நல்ல வேலை, அக்கா, என்று
ஒரு பை கினுவா வேறு கொடுத்துவிட்டுப் போனாள்.

அழைத்தேன். மணி போகவில்லை.
வெள்ளையின் நடுவில் எந்தக் கோபுரமும் இல்லை.

வியாழக்கிழமை ருஃபினோ மேற்கே போகிறான்.
கூலி வாங்கவில்லை. சீட்டு ஒன்று கொடுத்தேன்:
"வண்டியை எடுக்காதே. தவறு என்னுடையது.
தண்ணீர் வடிந்ததும் வருகிறேன்."
ஊசியை அதில் மடித்து வைக்கப் போனவள்
எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
வழியில் தொலைப்பான்.

அவன் போனபின்
காந்தத்தை இன்னொரு முறை தரையெங்கும் இழுத்தேன்.
எதுவும் ஒட்டவில்லை.
அதையும் இரண்டு தடவை பார்த்தேன்.