கூட வருபவர் பெயர்

பதினோரு மாதமாக இடப்பக்கம் மட்டும் மென்றேன்.
வலப்பக்கக் கீழ்ப்பல், கடைசிக்கு முந்தியது,
குழி விழுந்து
நாக்கு போய்ப் போய்
எட்டிப் பார்த்துவிட்டு வரும் இடமாகிவிட்டது.

கோட்டையூரில் பலகாரக் கடை.
சீப்புச்சீடை மொறுமொறுவென்று இருக்குமா என்று கேட்பவருக்கு
ஒன்றைக் கடித்துக் காட்டுவது என் வேலை.
இப்போது ராக்காயியைக் கூப்பிடுகிறேன்.
அவள் கடிக்கிற சத்தம்
என் தாடையில் கேட்கிறது.

காரைக்குடி செக்காலை ரோட்டில் மாடியேறி
இரண்டு முறை பாதிப் படியில் திரும்பினேன்.
மூன்றாம் முறை நாற்காலி வரைக்கும் போய்விட்டேன்.
பக்கத்து அறையில் அந்த மிஷின் கிர்ரென்றது.
வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்,
காலில் செருப்பில்லை.

இரண்டு நாள் கழித்து போன்:
'மெய்யம்மையா? உங்கள் செருப்பு பத்திரமாக இருக்கிறது.
அதை எடுக்கவாவது வாருங்கள்.'

டாக்டர் ஃபர்சானா திட்டவில்லை.
எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் பேனாவால் நாலு படி வரைந்தார்.
கீழ்ப்படி, மூக்கில் ஒரு மூடி.
சிரிப்பு வாயு என்று பேர்,
சிரித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை;
மூடியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.
அடுத்தது மாத்திரை.
விழித்திருப்பீர்கள், ஆனால்
வேறு யாருடைய பல்லோ என்றிருக்கும்.
அதற்கும் மேலே கை நரம்பில் ஊசி.
மதுரையிலிருந்து மயக்க மருத்துவர்
வியாழக்கிழமை மட்டும் வருவார்,
வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்,
நடந்ததில் பாதி பிறகு நினைவிருக்காது.
உச்சிப்படி முழு மயக்கம், பெரிய ஆஸ்பத்திரி.
'ஒரு பல்லுக்கு அது எதற்கு?'

நினைவிருக்காது என்ற சொல்லில்
நின்றுவிட்டேன்.
'எவ்வளவு பின்னால் வரைக்கும் மறக்கும்?'
அவர் என்னைப் பார்த்தார்.
'ஊசி போட்ட நேரத்திலிருந்து மட்டும்தான்.'

படிவத்தில் ஒரு கோடு காலியாக இருந்தது.
கூட வருபவர் பெயர், உறவு, கையெழுத்து.
மாத்திரை என்றாலும் ஊசி என்றாலும்
ஒருவர் அழைத்துவந்து, அழைத்துப்போய்,
அன்று முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கோயம்புத்தூரிலிருந்து வருவாள்,
வந்ததை வருஷக்கணக்காகச் சொல்வாள்.
ராக்காயிக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.
ரேஷன் கார்டில் இன்னும் இருக்கிறது ஒரு பெயர்,
அந்த மனிதர் தேவகோட்டையில்
வேறு வீட்டு அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கிறார்.
பேனாவை மூடிக் கொடுத்தேன்.
'கீழ்ப்படியே போதும் டாக்டர்.'

'எதற்கு இவ்வளவு பயம்?' என்று கேட்டார், ஊசிக்குப் பயமா, வலிக்கா.
ஏழு வயதில் என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.
பல்லைப் பிடுங்கியது மறந்துவிட்டது.
வாயைத் திறந்த பிறகு
வேண்டாம் என்று சொல்ல முடியாது,
அது மட்டும் மறக்கவில்லை.

'இடது கையைத் தூக்குங்கள். நிறுத்திவிடுவேன்.'

மூடியில் செயற்கை ஆரஞ்சு வாசனை.
விரல் நுனிகள் முதலில் என்னைவிட்டுப் போயின,
பிறகு தோள்.
மரத்துப்போக ஈறில் தனியாக ஊசி போட்டார்கள்,
தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் தெரிந்தது.
மேலே ஃபேன் சுற்றியது, ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை.

கையைத் தூக்கினேன். வலிக்கவில்லை.
நிறுத்தினார்.
மறுபடி தூக்கினேன். நிறுத்தினார்.
மூன்றாவது முறை
'வலிக்கிறதா?' என்றார்.
இல்லை என்று தலையாட்டினேன்.
'சரி' என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.
நாலாவது முறை தூக்க நினைத்தபோது
பல் தட்டில் கிடந்தது,
ஒரு சீடை அளவுகூட இல்லை.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
வாயில் பஞ்சு, பாதி உதடு என்னுடையதாக இல்லை.
கோட்டையூர் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.
இடது கையைத் தூக்கினேன்.

நிற்கவில்லை.

ரோட்டோரத்தில் நின்று
கிடைத்த பாதி வாயால்
அப்போதுதான் சிரித்தேன்,
இளநீர்க்காரர் திரும்பிப் பார்க்கும்படி.