விழுங்கித்தான் ஆக வேண்டும்

ஒயின் நடுவர்கள் துப்பலாம்.
அவர்களுக்கு வாளி உண்டு, வெள்ளைத் துணி உண்டு.
பியருக்கு அந்த வசதி இல்லை.
கசப்பு நாக்கு நுனியில் வாய்தா வாங்கும்,
தொண்டைக்குழியில்தான் வாக்குமூலம் கொடுக்கும்.

டர்பன், உம்பிலோ சாலை.
முன்பு சட்டை தைத்த கிடங்கு;
தரை இடுக்கில் இன்னும் பொத்தான்கள் அகப்படுகின்றன.
மேசை ஏழு. இரட்டை ஐபிஏ. எட்டரை சதவீதம்.
எதிரே பல் வைத்தியர் ரூடால்ஃப் ஃபூரி
உப்பில்லாத பிஸ்கோத்தை முறித்து முறித்து
நாக்கைத் துடைத்துக்கொள்கிறார்.
நான் குடிநீர்ச் சோதனைச்சாலையில்
பதினெட்டு வருடமாக
எதையும் குடிக்காமல் சோதிப்பவள்.

ந்ஜபுலோ தட்டை வைத்துவிட்டுப் போனான்.
கோப்பைக்குப் பெயர் கிடையாது. 417.

மூக்கைக் கொடுத்தேன்.
பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியதுபோல் முதலில்.
பிறகு கிரனடில்லா.
பிறகு, பக்கத்து அறையில் யாரோ
குங்கிலியம் போட்டதுபோல்.
எல்லாவற்றுக்கும் அடியில், மெல்ல, வெங்காயத்தாள்.
அது குற்றம். குறித்துக்கொண்டேன்.
மணம்: பன்னிரண்டுக்கு ஒன்பது.

நிறம் பார்க்கக் கோப்பையைத் தூக்கியபோது
மின்சாரம் போனது.
யாரும் திடுக்கிடவில்லை, அட்டவணைப்படிதான் போனது.
கைபேசி வெளிச்சத்தில் எல்லா பியரும் தேன் நிறம்,
எல்லா முகமும் குற்றவாளி.
"மூன்று மதிப்பெண்தானே, கொடுத்துவிடுங்கள்" என்றார் ஃபூரி.
கொடுத்தேன்.
இருட்டில் தாராளம் சுலபம்.

குடித்தேன்.
மால்ட்டின் இனிப்பு வாசல்வரை வந்து அழைத்தது.
உள்ளே போனதும் கசப்பு தாழ்ப்பாள் போட்டது.
பாகற்காய்க் கசப்பு அல்ல,
அதற்கு வெட்கம் உண்டு, புளியும் வெல்லமும் கேட்கும்.
வேப்பம்பூவும் அல்ல,
அது வருடப்பிறப்பன்று தலைகாட்டிவிட்டுப் போகும் விருந்தாளி.
இது சிரிங்கா.
வேம்பு கிடைக்காத இந்த ஊரில்
மாரியம்மனுக்கு நாங்கள் கட்டும் இலை;
வேம்பில்லை, வேம்பின் வேலையைப் பார்க்கும்.
பத்து வயதில் பந்தயத்துக்காக ஒன்றை மென்று
அரை நாள் துப்பிக்கொண்டிருந்தேன்.
படிவத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை.
"பிசின்" என்று எழுதினேன்.

இரண்டாம் மிடறில் ஆளைத் தெரிந்துவிட்டது.

ஹாப்ஸை மூன்றாம் நாள் எடுக்காமல்
"இன்னும் இரண்டு நாள் ஊறட்டுமே" என்று விடுகிறவன்.
தனசீலன்.
பதினொரு மாதம் என் குளியலறையில் நொதிக்க வைத்தவன்.
எதையும் உரிய நாளில் எடுக்கத் தெரியாதவன்,
ஹாப்ஸை, பேச்சை,
என் அலமாரியிலிருந்து தன் சட்டைகளை.

அடையாளம் தெரிந்தால் எழுந்துவிட வேண்டும், விதி அது.
ஆனால் தெரிந்தது எனக்கா, நாக்குக்கா?
நாக்கை எந்தக் கோர்ட்டு சாட்சியாக ஏற்கும்?
உட்கார்ந்தே இருந்தேன்.

ஃபூரி நாற்பத்தொன்று. நான் முப்பத்தொன்று.
வித்தியாசம் ஏழுக்குள் வர வேண்டும்.
"குறை என்ன?"
"அதிக நாள் ஊறியிருக்கிறது."
"எனக்குத் தெரியவில்லையே.
தன் கசப்புக்கு மன்னிப்புக் கேட்காத பியர் இது,
அவ்வளவுதான்."
பல்லைப் பிடுங்கும் ஆளுக்கு
இவ்வளவு மென்மையான குரல் எதற்கு?

மறுபடி குடித்தேன். சூடேறியிருந்தது.
வெங்காயத்தாளைத் தேடினேன், இல்லை.
முப்பத்தைந்து போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெளிச்சம் வந்தது.
தேனும் இல்லை ஒன்றும் இல்லை,
அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கல்.
நிறத்தில் ஒன்றைக் குறைத்தேன்.
அன்று முழுக்க நான் செய்த
ஒரே நியாயமான காரியம் அது.

ஐந்து மணிக்குப் பெயர்களை வாசித்தார்கள்.
417, மூன்றாம் பரிசு:
எஸ்டெல் கிறிஸ்டியன்ஸ், ஹாவிக்.
கோழிப்பண்ணை வைத்திருப்பவளாம்,
காலணியில் இன்னும் தவிடு.
தனசீலன் போட்டிக்கே வரவில்லை.

கை குலுக்கும்போது கேட்டேன்,
ஹாப்ஸை எத்தனை நாள் ஊறவிட்டாய்?
"மூன்று" என்றாள். "மூன்றே நாள். ஏன்?"

சும்மா, என்றேன்.
தொண்டையில் இன்னும் இருந்தது.
அது எந்தக் கோப்பையின் கசப்பு என்று
இப்போது கேட்டால்
எழுந்துவிடுவேன்.