நாலு விரல்

சிவப்பு, பன்னிரண்டு வோல்ட்.
கறுப்பு, கிரவுண்ட்.
மஞ்சள் முடிந்துபோனதால்
பழைய டெலிபோன் கேபிளை உரித்து
நீலத்தை மஞ்சள் என்று வைத்துக்கொண்டோம்.
கொப்பியில் எழுதியும் வைத்தோம்,
நாளைக்கு நாங்களே மறந்துவிடுவோம்.

டச்சுக்குடாக் காற்று
ஜன்னலால் வந்து செம்பை நக்குகிறது.
போன கிழமை உரித்த முனை
இன்றைக்குப் பச்சை.
சுரண்டிக் கொடுக்கிறேன்.
ருஷ்தா மூச்சை அடக்கி ஈயம் வைக்கிறாள்,
புகை அவள் பர்தா ஓரத்தில்
ஏறி இறங்குகிறது.

நான் வயர்களைப் படுக்க வைக்கிறேன்.
மூலைக்கு மூலை தொண்ணூறு பாகை.
இரண்டு விரலுக்கு ஒரு கட்டு,
மிச்ச வாலை நகவெட்டியால் அரிந்து.
இவ்வளவு ஒழுங்காய்
என் தலையைக்கூட நான் பின்னியதில்லை.
படம் எடுத்தோம், மூன்று கோணத்தில்.

ஆளியைப் போட்டோம்.
முன்னே போனது. பின்னே வந்தது.
கை உயர்ந்து இடப்பக்கம் திரும்ப
டக்.
நான் இழுத்துக் கட்டிய நீலம்
வேரோடு வந்தது.

எட்டரைக்குக் கொழும்பு பஸ்.
இப்போது ஏழு.
மதிலடியில் ஒரு மான்
ரியூஷன் போஸ்டரை உரித்துத் தின்றுகொண்டு நிற்கிறது.

கட்டுகளை வெட்டினேன், ஒவ்வொன்றாய்.
அளந்ததைவிட நாலு விரல் கூடுதலாய் விட்டு
மூட்டடியில் வயரைத் தொங்கவிட்டேன்.
முழுப் பலகையிலும்
அது ஒன்றுதான் அசிங்கம்.
ருஷ்தா அதைச் சுட்டுவிரலால்
ஆட்டிப் பார்த்தாள்.
திரும்ப ஆளி.
இடம். வலம். இடம். இடம்.

புதுப் படம் எடுக்க நேரமில்லை.
நடுவர்களுக்குப் போகும் கோப்பில்
அறுவதற்குச் சற்று முன்னால்
அவ்வளவு அழகாய் இருக்கிறது
பழையது.