மாதிரி வரைபடம்

வடக்கு மேலே.
அம்புக்குறியை முதலில் போட்டுவிடுவேன்,
கை ஒரு நிலைக்கு வரட்டும் என்று.
அப்புறம் இரண்டு கோடு. சாலை.
புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏறும் சாலைக்கு
அந்த இரண்டு கோடும் நேராக நின்றதே இல்லை.
ஆறு வருடமாக இந்த ஸ்டேஷனில் ரைட்டர் நான்.
எஸ் வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

எஃப்.ஐ.ஆரில் வாக்கியம் ஒன்றுதான்:
அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.
இடித்தவனுக்கும் அதே, விழுந்தவனுக்கும் அதே.
படத்துக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

குத்தாலிங்கம், வயது இருபத்திரண்டு,
ஆரியங்காவில் பம்பர் டிக்கெட் வாங்கித் திரும்பியவன்.
நாற்பதில்தான் வந்திருக்கிறான்.
பத்து நாள் காய்ந்து கிடந்த தாரில்
ஆடிச் சாரலின் முதல் தூறல்.
லாரிகள் சொட்டிய டீசலெல்லாம்
மேலே மிதந்து வரும் அந்தக் கால்மணி நேரம்.
ஒரு டீ குடித்திருந்தால் மழையே கழுவி விட்டிருக்கும்.
டிக்கெட் நனையவில்லை. பாலித்தீன் உறைக்குள் பத்திரம்.
மகஜரில் அதன் எண்ணை எழுதினேன்.
குலுக்கல் முடிவை நான் பார்க்கவில்லை.

பீர்முகைதீன், வைக்கோல் லாரியை ஒட்டியே ஏறினவர்.
பின்னால் நின்று லாரியின் பக்கக் கண்ணாடியைத் தேடிப் பார்த்தேன்,
வைக்கோல்தான் தெரிந்தது.
டிரைவரின் முகம் உனக்குத் தெரியாத இடத்தில்
டிரைவருக்கு நீ கிடையாது.
இதை எந்தக் கலத்தில் நிரப்ப?

பினோய், தென்மலைக்காரர்.
சாம்பவர்வடகரையில் வாங்கிய கேந்திப்பூ
இரண்டு மூட்டை, பின்சீட்டில் தலைக்கு மேல் உயரம்.
வளைவுக்கு முன்னால் குறைக்க வேண்டிய வேகத்தை
வளைவுக்குள் வந்து குறைத்திருக்கிறார்,
அதுவும் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து.
டயர் தடம் பன்னிரண்டு அடி.
அதற்கு மேல் தடம் இல்லை, ஓடை.
ஹெல்மெட் போட்டிருந்தார்.
வார் மாட்டாத ஹெல்மெட்
அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.
சாலை முழுக்கப் பூ.
அதற்குக் குறியீடு தெரியாமல் புள்ளி புள்ளியாக வைத்தேன்.
இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, ஜல்லியா என்றார்.

அதிவேகமும் உண்டு, இல்லை என்கவில்லை.
அருவியில் குளித்த ஈரத் தலையோடு, உள்ளே குவார்ட்டரோடு,
ஞாயிற்றுக்கிழமைகளில் அது வரும்.
எதிர் லாரியின் வெளிச்சத்தையே வெறித்துக்கொண்டு
அதிலேயே போய் முடிந்தவர்கள்.
கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.
ஓரக் கோட்டைப் பார்த்திருக்கலாம்.
கோடு அழிந்து இரண்டு வருடம் ஆகிறது,
அதையும் படத்தில் காட்ட வழியில்லை.

போன புதன்கிழமை
மேலே ஒரு சம்மன் கொடுத்துவிட்டு இறங்குகிறேன்.
இருட்டவில்லை, மழையில்லை, இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை.
பையில் போன் அதிர்ந்தது.
ஒரு கைதான். ஒரு நொடிதான்.
கேரளாவுக்குப் போகிற லாரி எதுவோ
வளைவில் உதிர்த்துவிட்டுப் போன ஜல்லி.
வானம் பக்கவாட்டில் வந்தது.

முழங்கால், உள்ளங்கை, இடது கண்ணாடி.
உட்கார்ந்தபடியே வாசித்துப் பார்த்தேன்:
அதிவேகமாகவும். இல்லை.
அஜாக்கிரதையாகவும்.
ம்.

கருப்பசாமி கோவிலில் வாரியல் கேட்டு வாங்கி வந்தேன்.
யூனிஃபார்மில் ஒரு பொம்பளை ரோடு கூட்டுவதைப் பார்த்து
பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
கையைக் காட்டினேன், நின்றான்.
ஜல்லியை ஓரத்துக்குத் தள்ளி,
ஓரத்திலிருந்தும் தள்ளி,
கடைசிக் கல் ஓடைக்குள் விழும்வரை
போன் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் எடுத்தேன். மகன்.
எங்கம்மா இருக்க, எவ்வளவு நேரம்?
வண்டியை ஓரமா நிப்பாட்டியாச்சுல,
இப்போ சொல்லு.