நூற்றில் ஒரு பங்கு

கல்யாண வீட்டில் யாரும் ஓடுவதில்லை.
தாலி கட்டுகிற கைகூட
"இங்க பாருங்க" என்றால் நின்று தரும்.
அங்கே நூற்றிருபத்தைந்தில் ஒன்று போதும் எனக்கு.

இங்கே செக்கானூரணிக்கு மேற்கே
சலித்த மண் கொட்டிய கபடிக் களம்.
நான்கு மூங்கில், எட்டு விளக்கு,
ராத்திரி பதினொன்றரை.

ஷட்டரை முதலில் ஐந்நூறில் வைத்தேன்.
முகம் விழுந்தது, கை விழவில்லை;
தோளிலிருந்து புகை மாதிரி ஒன்று போயிருந்தது.
ஆயிரத்துக்கு ஏற்றினேன்.
கை வந்தது, வெளிச்சம் போனது.
அப்பெர்ச்சரை இரண்டு புள்ளி எட்டு வரை திறந்தாயிற்று.
அதற்குமேல் திறக்க அந்த லென்சில் வாசல் இல்லை
(டவுன்ஹால் ரோட்டில் நாள் வாடகை ஆயிரத்து இருநூறு,
ஈடாக என் ஆதார் அட்டை).
ஐஎஸ்ஓவை ஆறாயிரத்து நானூறுக்குத் தள்ளினேன்.
படமெல்லாம் மணல்.
மண்ணில் புரண்டவன் உடம்பில்
அது தெரியவா போகிறது.

விளக்குகள் வேறு
நொடிக்கு நூறு தடவை சிமிட்டுகின்றன.
நமக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும்.
ஒரு படம் வெள்ளை, அடுத்தது பழுப்பு,
அதற்கடுத்ததில் ஆளில் பாதி இருட்டு.
ஃபோகஸ் இன்னும் மோசம்.
பாடி வருகிறவன் மார்பில் வைத்தால்
குறுக்கே போகும் அம்பயர் சட்டையைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.

காசிமாயன் பாயும் முன்
இடது குதிகாலை மண்ணில் ஒருமுறை திருகுகிறான்.
மூன்றாவது ரெய்டில் கண்டுகொண்டேன்.
பிறகு அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

கடைசி ஒன்றரை நிமிஷம்.
செக்கானூரணி மூன்று புள்ளி பின்னால்.
குதிகால் திருகியது.
அழுத்திய விரலை எடுக்கவில்லை.
இடுப்பில் ஒருத்தன், கணுக்காலில் ஒருத்தன்,
மேலே இரண்டு பேர்,
அடியிலிருந்து ஒரு கை மட்டும்
நடுக்கோட்டைப் பார்த்து நீள்கிறது.
விசில்.

தொட்டுட்டான். தொடலை. தொட்டாண்டா!
களத்துக்குள் ஊரே இறங்கிவிட்டது.
நடுக்கோடு இருந்த இடத்தில்
இருபது பேரின் கால் தடம்.
அம்பயர் அந்தோணிராஜ் என் பக்கம் திரும்பினார்.
"அந்தப் படத்தப் போடுங்கக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

மூன்று அங்குலத் திரைக்கு முப்பது தலை.
ஏழாவது படம்:
விரல் நுனிக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே
ஒரு நெல்மணி படுக்கலாம்.
எட்டாவது:
கை மடங்கி நெஞ்சுக்கு அடியில்.
நகத்தில் வெள்ளை. சுண்ணாம்பா, விளக்கா?
பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க மணல்.

"நடுவுல உள்ளதக் காட்டுங்க."
"நடுவுல இல்ல."
"அழிச்சிட்டீங்களா? எந்த ஊரு நீங்க?"

எப்படிச் சொல்ல.
நொடிக்குப் பத்துப் படம்,
ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒன்று.
கூட்டினால் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு.
மீதித் தொண்ணூற்றொன்பதில்தான் எல்லாம் நடக்கிறது,
அவர்கள் கத்துவதும்கூட.
அந்த ஒரு பங்கையும் நான் பார்க்கவில்லை.
படம் விழும்போது உள்ளே கண்ணாடி மேலே போகும்,
என் கண்ணுக்கு இருட்டு.
கூர்மையாக விழுந்த எதையும்
நான் நேரில் கண்டதில்லை.

காசிமாயன் கூட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து
காதிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.
நீயே சொல்லுடா என்றார்கள்.
"எனக்கென்ன தெரியும், மூஞ்சி மண்ணுக்குள்ள" என்றான்.
அப்புறம் என்னிடம், குரலைத் தாழ்த்தி,
"அந்த ஏழாவது படத்த மட்டும் அனுப்பி விடுங்கக்கா,
அதுல கை நல்லா நீளமா இருக்கு."

கால் மணி நேரச் சத்தத்துக்குப் பின்
மறு ரெய்டு என்று முடிவானது.
சுண்ணாம்பு போட்டார்கள்.
நான் ஆயிரத்து அறுநூறுக்கு ஏற்றினேன்,
இருட்டினால் இருட்டட்டும்.
அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு
பாடிக்கொண்டு உள்ளே போனான்.
குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அது திருகவில்லை.