பத்தின் இடம்

கந்தோர் தந்த போனில்
மீற்றர்ப் படங்கள் மட்டுந்தான் இருக்கவேண்டும்.
என்னுடையதில்
இலக்கங்களுக்கு நடுவே நடுவே
மஞ்சளாய், ஊதாவாய் ஏதாவது கசிந்திருக்கும்.

வைகாசி.
அரியாலையில் தார் இளகிச் செருப்பைப் பிடிக்கிற நேரம்.
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் பதினோராவது வீடு.
மதிலுக்கும் கானுக்கும் இடையில் ஒரு சாண் மண்,
அதில் ஒற்றைக் காலில் ஒரு மூக்குத்திப்பூ.
போன கிழமைதான் வந்து வழித்துக்கொண்டு போனார்கள்.
இது நேற்றுப் பூத்தது.

குந்தினால் காணாது,
முழங்கால் ஊன்றவேண்டும்.
ஊன்றினால் நெருஞ்சி.
அதையும் பிறகு எடுத்தேன்,
காற்சட்டையில் தைத்திருந்தபடியே.

சோளகம் விடாது.
நான் மூச்சை அடக்கினால் பூ ஆடும்,
விட்டால் நிற்கும்.
காம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன்:
படத்தில் என் நகம் வலு தெளிவு.
பூ, புகார்.
சூடு கூடிவிட்டது, ஆறவிடு என்று
போனே சொல்லி அணைந்தது.

"என்ன பிள்ளை, மீற்றர் மேல கிடக்குது,
நீர் நிலத்தில என்னத்தை வாசிக்கிறீர்?"
ரீற்றா அக்கா. கையில் மீன் அலம்பின தண்ணி.
காவிளாய், என்றேன்.
"அது எங்கையும் கிடக்கும்."
அதுதான் அக்கா, என்றேன்.
அவ தண்ணியை அதன்மேலேயே ஊற்றிவிட்டுப் போனா.
ஊதா கொஞ்சம் கூடிற்று.

எருக்கலையில் ஒரு வெட்டுக்கிளி,
மஞ்சளும் நீலமும் வரிவரியாய்,
கலியாணவீட்டுப் பந்தல் துணிபோல.
கிட்டப் போனேன், இலைக்கு மறுபக்கம் போயிற்று.
நானும் மறுபக்கம்.
அது இந்தப் பக்கம்.
இப்படி ஆறு நிமிடம், அரசாங்கச் சம்பளத்தில்.
கிடைத்தது ஒரு பின்னங்கால்.

தும்பையில் தேனீ எடுத்தேன்: தும்பை இருக்கிறது.
தும்பி எடுத்தேன்: அது இருந்த முட்கம்பி.
வண்ணத்துப்பூச்சி பதினேழு தரம்.
பதினேழும் வெறும் வெளி.
அழிக்கவில்லை. அது எந்தப் பக்கத்தால் போனதென்று
ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரியும்.

ஆனியில் பத்மசீலன் அண்ணை கூப்பிட்டார்.
ரீற்றா அக்காவின் முறைப்பாடு,
ஐம்பது யூனிற் கூடவாம்.
படத்தைத் திரையில் பெருப்பித்தார்.
இருபதினாயிரத்து அறுநூறு,
பிறகு ஒரு பூச்சி,
பிறகு ஏழு.

"இது மூண்டோ எட்டோ?"

எட்டென்று அடித்தது நான்தான்.
ஆனால் அந்த நேரம் எனக்கு
வேறொன்றும் ஓடவில்லை.
கும்பிடுபூச்சிக் குஞ்சு.
மீற்றர்க் கண்ணாடியில், பத்தின் இடத்தில்,
எள்ளைவிடக் கொஞ்சம் நீளம்.
முன்கால் மடித்து, வயிற்றை மேலே வளைத்து,
தலையை மட்டும் என் பக்கம் திருப்பி.
கண்ணுக்குள் கறுப்பாய் ஒரு புள்ளி.
மயிர்போன்ற கொம்பில் கணுக்கள்கூட எண்ணலாம்.
முழங்காலில் நின்று எடுத்த எதிலும்
இந்தத் தெளிவு இல்லை.
இதை எடுத்தபோது நான் பார்க்கவேயில்லை.
கையை உயர்த்தி ஒரு தட்டு,
கண் அதற்குள் காவிளாயில்.

"மூண்டாயிருக்கும்."
"இருக்கும் எண்டு எழுத ஏலாது. திரும்பப் போய்ப் பாரும்."

போனேன்.
இலக்கம் ஓடி எங்கேயோ போயிருந்தது.
பூச்சியும்.
பெட்டியின் மேல்மூலையில்
காய்ந்த நுரைபோல ஒரு முட்டைக்கூடு மட்டும்,
திறந்தபடி.
ரீற்றா அக்கா கண்ணாடி போட்டு
என் போனை வாங்கிக் கனநேரம் பார்த்தா.
"என்னைத்தான் பாக்குது" என்றா.
பிறகு, "இவருக்கும் சேர்த்தோ பில் வந்தது?"

கோவையில் இருக்கிறது இப்போது அந்தப் படம்,
கந்தோர் அச்சில், கறுப்பு வெள்ளையில்.
முத்திரையின் விளிம்பு ஒரு காலில் பட்டிருக்கிறது.
கீழே, காரணம் எழுதுகிற கட்டத்தில்,
பத்மசீலன் அண்ணையின் வடிவான கையெழுத்து:
தடை – பூச்சி.