நகம் மாட்டும் இடம்

ஜீலாங்கில், டேரலின் ஷெட்டில்
இரண்டு டயர் கழற்றிகள்.
மலிவானதற்கு இரும்புப் பல்.
மற்றதற்கு நைலான் தாடை, தொண்ணூறு டாலர் கூட.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.
அவனுடைய பைக்கைச் சுற்றி வந்தேன்.
பின் சக்கரத்தில், வால்வுக்குப் பக்கத்தில்
நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வெட்டு;
மேலே கறுப்பு மார்க்கர் பூசியிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கொண்டுவந்த என் சக்கரத்தை
(ஏழு மாதத் தவணை இன்னும் பாக்கி)
நைலான் தாடையில் படுக்கவைத்தேன்.
சோப்புத் தண்ணீர். நீளக் கம்பி.
முழங்காலால் ஓர் அமுக்கு.
பழைய ரப்பர் முனகிக்கொண்டே கழன்றது.

விளிம்பை ஒரு சுற்றுத் தடவினேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல, புறங்கையால்.

தொண்ணூறையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன்.
வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டான்:
"அந்த மார்க்கர் அவ்வளவு தெரியுதா?"